ரம்பத்தின் மறுபுறம்



கடந்த மூன்று வாரங்களாகக் குருமனையின் பின்புறத்திலிருந்து எழும் இரைச்சலைக் குறித்து உங்களில் சிலர் நயமாகவும், ஒருவர் சற்று நயமில்லாமலும் என்னிடம் கேட்டீர்கள். வெளியூர்களிலிருந்து வாரந்தோறும் இப்பக்கத்தை வாசிப்பவர்களுக்கு அந்த இரைச்சல் எட்டியிராது. ஆகையால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நமது ஆலயத்தின் பழைய பெஞ்சுகளில் 14 பெஞ்சுகளின் கால்களையும் அடிச்சட்டங்களையும் கரையான் அரித்துவிட்டது. புதிய பெஞ்சுகள் வாங்கச் சபையின் கணக்கில் பணமில்லை. ஆனால் பழைய ஓட்டுக்கூரையைப் பிரித்தபோது பத்திரப்படுத்திய தேக்குக் கைமரங்கள், ஒவ்வொன்றும் 8 அடி நீளத்தில், ஆராதனைச் சாமான்கள் வைக்கும் அறைக்குப் பின்னால் கிடந்தன. வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு திரும்பிய சபையார் ஒருவர் தாம் பயன்படுத்திய மேசை ரம்பத்தைக் கொடுத்துதவினார். என் தகப்பனார் தொடக்கப் பள்ளியில் கைத்தொழில் ஆசிரியராக இருந்தவர். உளியும் மூலமட்டமும் சிறுவயதிலேயே என் கைக்கு வந்தவை. இவையெல்லாம் சேர்ந்ததால் உண்டானதே அந்த இரைச்சல்.

இந்த வாரம் நான் எழுதப்போவது ஒரு மேசையைப் பற்றி. மடக்கி வைக்கக்கூடிய, பார்வைக்கு எவ்வித அழகுமில்லாத ஒரு மேசை. அதைச் செய்ய நேர்ந்த காரணத்தை மறைத்துவிட்டு மேசையை மட்டும் உங்களுக்குக் காட்டினால் நான் உண்மையுள்ளவனாயிருக்க மாட்டேன். ஆகவே காரணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நமது ஆலயப் பணியாளரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். மணி அடிப்பவர், விளக்கேற்றுபவர், வாசலைத் திறந்து பூட்டுபவர். அவருக்கு வயது 67. நான் அவரை அண்ணாச்சி என்றே அழைக்கிறேன். அவர் என்னை ஐயா என்கிறார். எங்கள் இருவருக்கும் இடையே வயது ஒரு பக்கமும் பதவி மறுபக்கமும் சாய்ந்திருப்பதை அந்த இரண்டு சொற்களே காட்டிவிடும். நான் ஒன்றைச் செய்யும்படி கேட்டால் அவர் மறுத்ததில்லை. மறுக்க அவருக்கு இடமிருக்கிறதா என்று நானும் எண்ணிப் பார்த்ததில்லை.

மேசை ரம்பத்தைக் கண்டிராதவர்களுக்கு ஒரு விளக்கம். இரும்பு மேசையின் நடுவிலுள்ள ஒரு பிளவின் வழியாக வட்டமான ரம்பத் தகடு மேலே எட்டிப் பார்க்கும். ரம்பம் அசையாமல் ஓரிடத்தில் சுழலும். மரத்தைத்தான் நாம் அதை நோக்கித் தள்ள வேண்டும். எங்களிடமுள்ள தகடு 10 அங்குல விட்டமுடையது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 4800 முறை சுற்றுகிறது. ஒரு நாள் இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: அதன் பற்கள் மணிக்கு 230 கிலோமீட்டர் வேகத்தில் செல்லுகின்றன. நமக்கு எதிரேயுள்ள பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. அதனால் எல்லாம் அமைதியாகத் தோன்றும். பின்புறத்துப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. மரம் அந்தப் பின்பற்களில் சிக்கிவிட்டால், அவை அதைத் தூக்கி, அதே வேகத்தில், தள்ளுகிறவன் மேலேயே எறிந்துவிடும்.

நீளமான மரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ரம்பத்துக்குப் பின்னால் இந்தச் சிறிய இயந்திரத்தில் 12 அங்குல மேசைதான் இருக்கிறது. 8 அடி மரத்தை முழுவதும் அறுத்து முடிக்கும்போது அதில் 7 அடி வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். மரத்தின் பாரம் அதன் நடுவில் இருப்பதால், நடு மேசையின் விளிம்பைத் தாண்டிய கணமே முன்பகுதி தரையை நோக்கிச் சாயும். நம் கையிலுள்ள பின்பகுதி ரம்பத்தின்மேல் எழும்பும். அதைத் தடுக்க வேண்டுமென்று நாம் இயல்பாகவே முன்னால் குனிந்து, சுழலும் ரம்பத்துக்கு மேலாக, மரத்தை அழுத்தப்போவோம். இதனால்தான் மறுபுறத்தில் மரத்தை ஏந்திக்கொள்ள ஒருவர் தேவைப்படுகிறார். நான் அண்ணாச்சியை அங்கே நிறுத்தினேன்.

அந்தப் புதன்கிழமை காலை நான்காவது கைமரத்தை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தோம். ஆணி எதுவும் உள்ளே இல்லையென்று காந்தத்தை வைத்துப் பார்த்திருந்தேன். அந்த அளவுக்கு நான் எச்சரிக்கையுள்ளவன். பல்லாண்டுகள் கூரையின் பாரத்தைச் சுமந்த மரத்துக்குள் ஒரு முறுக்கம் அடங்கியிருக்கும். பிளக்கும்போது சில மரங்கள் விரியும். சில மரங்கள் அறுத்த வழியையே மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வும். இது கவ்வுகிற மரம். முக்கால் பங்கு அறுத்தபோது நான் தள்ளத் தடுமாறுவதை அண்ணாச்சி கண்டார். எனக்கு உதவியாக மறுபுறத்திலிருந்து இழுத்தார். இழுத்தபோது மரம் சற்றே கோணியது.

சத்தம் வந்ததா, அடி முதலில் விழுந்ததா என்று எனக்கு இன்னும் வரிசை தெரியவில்லை. மரத்தின் முனை என் இடுப்பெலும்புக்குக் கீழே தாக்கி நான் சுவரோடு சாய்ந்தேன். கன்றிப்போன கறுப்பு இன்னும் முழுவதும் மறையவில்லை; அது பெரிதல்ல. மரம் என் பக்கமாகப் பாய்ந்தபோது மறுமுனையை இறுகப் பிடித்திருந்த அண்ணாச்சியின் கைகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போயிருந்தது. சுவரிலிருந்து நிமிர்ந்து பார்த்தபோது அவருடைய வலது கை ரம்பத்துக்கு நான்கு விரற்கடை தொலைவில், இரும்பு மேசையின்மேல், விரித்தபடி கிடந்தது. தோளிலிருந்த துண்டின் நுனி அதற்கும் அருகில் தொங்கியது. ரம்பம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் தவழ்ந்துபோய் நிறுத்தானை அழுத்தினேன்.

“ஐயாவுக்கு அடி பலமோ?” என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

பிரியமானவர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இடுப்பு வலி ஒரு காரணம் என்று மனைவியிடம் சொன்னேன். மற்றக் காரணத்தை இங்கே எழுதுகிறேன். இந்த இயந்திரத்தில் ரம்பத்துக்குப் பின்னால், அதே பிளவில், அசையாமல் நிற்கும் மெல்லிய இரும்புத் தகடு ஒன்றுண்டு. அறுத்த வழி மீண்டும் மூடிக்கொள்ளாதபடி அது இடையில் நின்று தடுக்கும். இரண்டு நாட்களுக்கு முன் பெஞ்சுச் சட்டத்தில் ஒரு காடி வெட்டுவதற்காக அந்தத் தகட்டையும் மேல்மூடியையும் கழற்றினேன். திரும்ப மாட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். நான் மாட்டவில்லை. ஜன்னல் விளிம்பில் அவை இரண்டும் நான் வைத்த இடத்திலேயே இருந்தன. மரம் கோணியதற்கு இழுத்த கை காரணம் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன் என்பதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது.

அந்த இழுப்பைக் குறித்துப் பின்னர் ஒன்றை அறிந்தேன். அண்ணாச்சி பதினாறு வயதில் ஓர் ஆசாரியிடம் வேலை பழகியவர். அந்நாட்களில் பெரிய மரங்களை ஈர்வாளால் அறுப்பார்கள். மரத்தைச் சாரத்தின்மேல் ஏற்றி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று வாளை மாறி மாறி இழுக்க வேண்டும். எதிரே நிற்பவர் இழுக்காவிட்டால் வாள் நகராது. இழுக்காமல் நிற்பவன் சோம்பேறி. தள்ளுகிறவன் தடுமாறினால் எதிரே இருப்பவன் கூடுதலாக இழுப்பதே அந்தத் தொழிலின் மரியாதை. ஐம்பது ஆண்டுகளாக உடம்பில் தங்கியிருந்த அந்த நல்ல பழக்கத்தைத்தான் அன்று அவர் எனக்குக் கொடுத்தார். இந்த இயந்திரத்தில் மறுபுறம் நிற்பவர் இழுக்கவே கூடாது, உள்ளங்கையை விரித்து ஏந்த மட்டுமே வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், பறவைக்கூட்டைப் பற்றிய கட்டளைக்கு அடுத்து, நாம் வேகமாகக் கடந்துபோகும் ஒரு சிறு கட்டளை இருக்கிறது. புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டு ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் சாரம். இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாட்டுச் சட்டங்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில் இந்த வசனத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கினேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. விழுகிறவனுடைய கவனக்குறைவைப் பற்றி அந்தச் சட்டம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை நான் அப்போது கவனித்ததாக நினைவில்லை.

மறுநாள் காலை அண்ணாச்சியிடம், “நாளைமுதல் நீங்கள் ரம்பத்துக்குப் பின்னால் நிற்க வேண்டாம். அதற்கு ஒரு மேசை செய்யப்போகிறேன்” என்றேன். நல்ல செய்தியைச் சொல்லுகிற முகத்தோடுதான் சொன்னேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. “இனி நான் வேண்டாமோ, ஐயா?” என்றார்.

“அப்படியில்லை, அண்ணாச்சி. ஆபத்து என்றுதான்...”

“சரி, ஐயா.” என் மனைவி கொண்டுவந்து வைத்த தேநீரைத் தொடாமலே போய்விட்டார். அதன்பின் இரண்டு நாட்கள் மணி நேரத்துக்கு ஒலித்தது, வாசல் நேரத்துக்குத் திறந்தது. பின்புறத்துக்கு மட்டும் அவர் வரவில்லை.

நான் தனியாகவே தொடங்கினேன். கணக்கு எளியது. 8 அடி மரத்தின் நடு 48 அங்குலத்தில் இருக்கிறது. மரம் ரம்பத்தைவிட்டு முழுவதும் நீங்கிய பிறகும் அந்த நடுப்பகுதி ஏதாவதொன்றின்மேல் தங்கியிருந்தால் மரம் சாயாது. இயந்திரத்தின் மேசையில் 12 அங்குலம். அதன் பின்விளிம்பில் நான் பொருத்தும் தாங்குசட்டம் 4 அங்குலம். அதிலிருந்து கீல் போட்டுத் தொங்கும் பலகை 39 அங்குலம். மொத்தம் 55. ஏழு அங்குலம் மிச்சம். பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட்டில் 30 அங்குல அகலத்துக்கு ஒரே பலகையாக வெட்டி, மேலே மைக்கா ஒட்டி, வெளிமுனையில் இரண்டு மடக்குக் கால்களும் வைத்தேன். இடம் மிகக் குறைவு என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே முற்றத்தில்தான் ஞாயிறு பள்ளியின் சிறுவர் வகுப்பும் நடக்கிறது. ஆகவே வேலை முடிந்ததும் பலகை மடங்கி, இயந்திரத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு தொங்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை எல்லாவற்றையும் முடுக்கிவிட்டு, கால்களை மடக்கி, பலகையைக் கீழே இறக்கினேன். பாதிக்குமேல் இறங்கியதும் அதன் முனை தரையில் முட்டிக்கொண்டு சாய்வாக நின்றது. இயந்திரத்தின் உயரம் 35 அங்குலம். அதிலிருந்து 39 அங்குலப் பலகை எப்படித் தொங்கும்? மூன்று நாட்கள் ஒவ்வொரு நீளத்தையும் இரண்டு முறை அளந்தவன் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறைகூட அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவில்லை. அடுத்த நாள் பிரசங்கத்தை இன்னும் முடிக்காமல், வியர்வையோடு அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கேட்டைப் பூட்ட வந்த அண்ணாச்சி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

“மேசைக்கு முழங்கால் வைக்கலியே, ஐயா” என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பின்பு உள்ளே வந்து, குனிந்து, பலகையின் அடிப்புறத்தை விரல்களால் தடவிப் பார்த்தார்.

அவர் சொன்ன வழி இது. பலகையை 26 அங்குலத்திலும் 13 அங்குலத்திலுமாக இரண்டாக அறுப்பது. இடையில் ஒரு கீல் போடுவது. சின்னப் பலகை பெரிய பலகையின் அடியில் மடிந்துகொள்ள, இரண்டும் சேர்ந்து கீழே தொங்குவது. ஆனால் நடுவில் கீல் போட்ட மேசை பாரத்துக்கு நடுவிலேயே தொய்யாதா என்று கேட்டேன். கீலை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றார். கீல் மேற்பரப்பில் இருந்தால் தொய்யும். அடியில் இருந்தால், பாரம் ஏறும்போது இரண்டு பலகைகளின் மேல்விளிம்புகள் ஒன்றையொன்று நெருக்கும்; கீல் அடியில் இழுத்துப் பிடிக்கும். அழுத்த அழுத்த அது இறுகுமே தவிர மடங்காது. மடங்க வேண்டுமானால் நடுவை மேல்நோக்கித் தூக்க வேண்டும். நமது முழங்கால் ஒரு பக்கமாக மட்டும் மடங்குவதைப்போலத்தான். அவர் “முழங்கால்” என்றது வேடிக்கைக்கு மட்டும் அல்ல என்று அப்போதுதான் விளங்கியது.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. இரண்டு விளிம்புகளும் மயிரிழை இடைவெளியும் இல்லாமல் பொருந்த வேண்டும். பிளைவுட்டின் கனம் முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. அவ்வளவு மெல்லிய விளிம்பில் அரை மில்லிமீட்டர் சந்து இருந்தாலும் நடுவில் ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாமல் தொய்வு காட்டும். ஆகவே சேரும் விளிம்புகளின் அடியில் தேக்குச் சட்டம் ஒட்டி, விளிம்பை இரண்டு அங்குல ஆழமாக்கிக்கொண்டோம். கீல்கள் அந்தச் சட்டத்தின் அடியில். இதனால் இன்னொரு நன்மையும் கிடைத்தது: மடித்தபோது இரண்டு பலகைகளுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டரை அங்குல இடைவெளி இருந்தது, மடக்கிய கால்கள் அதற்குள் அடங்கிப் படுத்துக்கொண்டன. தாங்குசட்டத்தை 4 அங்குலம் நீட்டி வைத்ததும் வீணாகவில்லை. தொங்கும்போது சின்னப் பலகை அதன் நிழலில்தான் ஒதுங்குகிறது. இதை நான் திட்டமிட்டதாக எழுதிக்கொள்ள ஆசைதான்.

திங்கட்கிழமை அவர் தம் வீட்டிலிருந்து பழைய இழைப்புளியைக் கொண்டுவந்தார். அவருடைய ஆசாரி அவருக்குக் கொடுத்ததாம். பிடி, கை பட்டுப் பட்டுக் கறுத்துப் பளபளத்தது. கத்தியை அரை மணி நேரம் சாணைக்கல்லில் தீட்டினார். பிறகு தேக்கு விளிம்பின்மேல் அதை ஓட்டத் தொடங்கினார். வெங்காயத் தோலைப்போல மெல்லிய சுருள்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் வந்தன. இரண்டு முறை ஓட்டுவார்; விளிம்புகளைச் சேர்த்து வைப்பார்; பின்னால் டார்ச் விளக்கைப் பிடிக்கச் சொல்லி, வெளிச்சம் கசியும் இடத்தைப் பென்சிலால் குறிப்பார்; குறித்த இடத்தை மட்டும் ஒரு முறை வருடுவார். அன்று என் வேலை விளக்கைப் பிடிப்பது. என் இயந்திரம் மணிக்கு 230 கிலோமீட்டர் வேகத்தில் அறுத்த விளிம்பு அந்த வெளிச்சத்தில் எப்படிக் காட்சியளித்தது என்பதைச் சொல்லாமலே விடுகிறேன்.

வெளிச்சம் கசிவது நின்றபோது அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். வைத்தபின் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. இழைக்கும்போது இல்லாத நடுக்கம். அவர் அதைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன் என்பதையும் கண்டுகொண்டார்.

“ஆறு மாசமா இருக்கு, ஐயா. வேலையில கை அழுந்தியிருந்தா தெரியாது. டம்ளரைப் பிடிச்சாத்தான் காட்டிக் கொடுத்துரும்.”

அன்று தொடாமல் வைத்துவிட்டுப்போன தேநீரை நான் கோபம் என்று எண்ணியிருந்தேன்.

“நீங்க மேசை செய்யப் போறேன்னு சொன்னதும், கையைப் பார்த்துட்டுத்தான் சொல்லுதீங்கன்னு நெனைச்சேன். அடுத்த கூட்டத்துல என் விஷயம் வருதுன்னும் கேள்விப்பட்டேன்.”

வருகிறது. அது உண்மை. வயது முதிர்ந்த பணியாளருக்கு ஓய்வு கொடுப்பது பற்றி அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் ஒரு வரி இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவன் நான். மூன்று வாரங்களாக அவரோடு ஒரே மரத்தின் இரு முனைகளைப் பிடித்து நின்றபோதும் அதை நான் அவரிடம் சொல்லவில்லை. வேறொருவர் மூலம் அவர் அதைக் கேட்டிருக்கிறார். ஆபத்துக்காகத்தான் மேசை என்று நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் கையெழுத்திட்டுவிட்டு மௌனமாயிருந்தவன் சொல்லும் மெய், கேட்பவருடைய காதில் எப்படி மெய்யாக விழும்? அதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு, ஐயா” என்று எழுந்து சுருள்களைப் பெருக்கத் தொடங்கினார். அவர் மன்னித்தாரா, ஐயருடைய வார்த்தைக்கு மறுவார்த்தை பேசும் வழக்கமில்லாததால் அப்படிச் சொன்னாரா என்று என்னால் நிதானிக்க முடியவில்லை.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். உங்களில் மரவேலை செய்கிற சிலருக்கு உதவும். பின்மேசை இயந்திரத்தின் மேசையைவிட ஒரு மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கட்டும். சரிமட்டமாக வைக்க ஆசைப்படாதீர்கள். மயிரிழை உயர்ந்துவிட்டாலும் வரும் மரத்தின் முனை அதில் முட்டி நிற்கும், முட்டுவதுதான் நாம் பயப்படுகிற காரியம். கால்களின் அடியில் போல்ட்டும் நட்டும் வைத்து உயரத்தைத் திருத்திக்கொள்ளும்படி செய்தோம். நமது முற்றம் தண்ணீர் வடிவதற்காகச் சரிந்திருக்கிறது. குறுக்கே வெட்டும்போது மரத்தைத் தள்ளும் சட்டம் ஒன்றுண்டு. அது மேசையிலுள்ள இரண்டு பள்ளங்களில் ஓடும். அந்தப் பள்ளங்களைத் தாங்குசட்டத்திலும் பலகையிலும் எட்டு அங்குலம்வரை தொடர வேண்டும். நான் மறந்துவிட்டேன், முதல் வெட்டிலேயே சட்டம் தேக்கில் இடித்து நின்றது, மறுபடியும் கீல்களைக் கழற்றினோம். மைக்காவின்மேல் மரம் வழுக்கிச் செல்லக் கிறிஸ்துமஸ் இரவு ஆராதனையில் எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டுகளை அண்ணாச்சி தேய்த்தார். ஒரு தகர டப்பா நிறைய அவற்றைச் சேர்த்து வைத்திருந்தார். ஏன் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

ஜன்னல் விளிம்பில் கிடந்த தகட்டையும் மூடியையும் மாட்டினேன். தள்ளுவதற்கு ஒரு தள்ளுகோலும் செய்துகொண்டேன். ரம்பத்துக்கு ஒரு சாண் தொலைவுக்குள் இனி என் கை போவதில்லை.

வியாழக்கிழமை முதல் கைமரத்தை விட்டோம். மறுபுறத்தில் யாருமில்லை. அண்ணாச்சி என் இடப்பக்கத்தில், மரம் பாயும் நேர்க்கோட்டைவிட்டு விலகி, நிறுத்தானுக்கு அருகில் கையை வைத்து நின்றார். தோளில் துண்டு இல்லை, ஆணியில் மாட்டியிருந்தார். மரம் ரம்பத்தைக் கடந்து, நடுக் கீலின்மேல் ஒரு சத்தமுமின்றி ஏறி, இரண்டாகப் பிரிந்து, தானாக ஓய்ந்து நின்றது. முனை சாயவில்லை. நான் குனியவில்லை. அவர் விசையை அழுத்தினார். ரம்பம் சுற்றி அடங்குமட்டும் இருவரும் அப்படியே நின்றோம். பிறகு அவர் போய் நடுக் கீலின் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

கமிட்டிக் கூட்டம் வருகிற செவ்வாய்க்கிழமை. அங்கத்தினர்களில் சிலர் இதை வாசிப்பீர்கள் என்பதை அறிந்தே எழுதுகிறேன். ஓய்வு என்பது தவறல்ல. அவருக்கு 67 வயது, கை நடுங்குகிறது, மாடிப்படியேறி மணியடிக்கிறார். ஆனால் அந்த வரியை எழுதும்போது அவருடைய பெயரை எழுதினோமே தவிர அவரைக் கேட்கவில்லை. ஓய்வுக்குப் பின் அவருடைய மாதச் செலவுக்கு என்ன என்றும் அந்த வரியில் இல்லை. செவ்வாய்க்கிழமை அவரும் கூட்டத்தில் உட்கார்ந்து பேச வேண்டுமென்று கேட்கப்போகிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியாது.

ஒன்பது பெஞ்சுகள் முடிந்தன, ஐந்து மீதமிருக்கின்றன. முடிந்தவை இடப்பக்கத்து முன்வரிசைகளில் இருக்கின்றன, தயங்காமல் உட்காருங்கள்.

இதை வெளியிடுமுன் நேற்று மாலை முற்றத்தில் உட்கார்ந்து அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கை நடுக்கத்தைப் பற்றிய பகுதியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். “இருக்கட்டும், ஐயா. எல்லாரும் தெரிஞ்சிட்டா டீ குடிக்கலாம்” என்றார். ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொன்னார். ரம்பத்துக்கும் தம் கைக்கும் நடுவே நான்கு விரற்கடை இருந்ததாக நான் எழுதியது தவறாம். நான் சுவரோரம் கிடந்ததால் சரியாகப் பார்த்திருக்க மாட்டேனாம்.

மூன்று என்றார்.